சிக்கல் அவிழ்க்கும் அறிவுக்குப் பாலுண்டோ?

சிக்கலை ஆராய்ந்து தீர்க்கும் அறிவு ஆடவர்க்கு இயல்பாய் அமைந்தது. மகளிர்க்கு வாய்த்தது மனனஞ் செய்யும் ஆற்றலே என்னுங் கூற்று நம் கண்டி மாநகரிலும் சூழவுள்ள ஊர்களிலும் இன்றும் செவிப்படுகின்றது. அவ்வாறு கூறுவோர் கல்லாதார் மட்டுமல்லர்; உயர்தர வகுப்பிற்குப் பாடந் தெரியும் மாணவியர்க்கு வழிகாட்டும் ஆசிரியருட் சிலரும் அதனையே கூறுவர். ஒரு சொல்லால் ஒரு பெண்ணின் வாழ்க்கை திசைமாறுமாயின், அச்சொல் மெய்யோ பொய்யோ என ஆராய்தல் நம் கடனாகும்.

அளந்து பார்த்தோர் கண்டது யாது? பொருளாதார ஒத்துழைப்புக்கும் அபிவிருத்திக்குமான அமைப்பு, பல நாடுகளிலுமுள்ள பதினைந்து வயது மாணாக்கரைக் காலந்தோறும் சோதித்து வருகின்றது. 2012 ஆம் ஆண்டில், முன்பின் அறியாத சிக்கல்களை ஒவ்வொருவரும் தனித்திருந்து கணினியில் தீர்க்குமாறு பணிக்கப்பட்டனர். உறுப்பு நாடுகளின் சராசரியில் ஆண்கள் 7 புள்ளிகள் முந்தினர். 500 புள்ளியை நடுவாகக் கொண்ட அளவையில் இது சிறு வேறுபாடே. பின்லாந்திலும் ஐக்கிய அரபு அமீரகத்திலுமோ பெண்களே முந்தினர்.

2015 ஆம் ஆண்டில் அவ்வமைப்பே வினாவின் தன்மையை மாற்றியது. கூட்டாளிகளோடு உரையாடி, கருத்தொருமித்துச் சிக்கலைத் தீர்க்கவேண்டும் என்றது. பங்குபற்றிய எல்லா நாடுகளிலும் பெண்களே முன்னின்றனர். உறுப்பு நாடுகளின் சராசரியில் வேறுபாடு 29 புள்ளிகள். மூன்றாண்டுகளில் இயற்கை மாறிவிடவில்லை, மாறியது வினாவே. ஆதலின், சிக்கல் தீர்க்குந் திறன் ஒரே பொருள் அன்று. எவ்வகைச் சிக்கல், எவ்வகைச் சூழல் என்பவற்றோடு பிணைந்து நிற்பது எனத் துணியலாம்.

இவ்விடத்து ஒரு தடை எழும். ‘2012 ஆம் ஆண்டுத் தேர்வில் மிக உயர்ந்த நிலையை எய்தினோருள் ஆண்களே மிகுதியன்றோ?’ என்பர். அது மெய்யே; அதனை மறைத்தல் அறிவுடைமை ஆகாது. ஆயின், உச்சியில் நிற்போரை மட்டும் எண்ணுதல் போதாது. ஏறும் வழி யார்க்குத் திறந்திருந்தது என்றும் வினவுதல் வேண்டும்.

நம் நாட்டு வரலாறே இதற்குச் சான்று பகரும். இன்று பேராதனையில் விளங்கும் பொறியியற் பீடம், 1950 இற் கொழும்பிலே தொடங்கி, 1964 இல் இங்கு வந்தது. அப்பீடத்துள் முதற்பெண் புகுந்தது 1960 இலேயே. அவர் பிரேமளா சிவப்பிரகாசபிள்ளை என்னுந் தமிழ்ப் பெண்மணி. இந்நாட்டின் முதற் பெண் பொறியியலாளர் எனப் போற்றப்படுபவர். அதற்கு முந்திய பத்தாண்டுகளில் இலங்கைப் பெண்கட்கு அறிவு இல்லாதிருந்து, 1960 இல் திடீரென முளைத்ததோ? முளைத்தது அறிவன்று, திறந்தது கதவு. உலக அரங்கிலும் இதனையே காண்கின்றோம். கணிதத்துக்குரிய பீல்ட்ஸ் பதக்கம் 1936 முதல் வழங்கப்படுவது. ஈரான் நாட்டிற் பிறந்த மரியம் மிர்சகானி 2014 இல் அதனைப் பெறும் வரை ஒரு பெண்ணும் பெற்றிலர். 2022 இல் உக்ரேனியரான மரினா வியாசோவ்ஸ்கா இரண்டாமவரானார்.

இனி நம் மலைப்புறத்தை நோக்குவோம். இன்று நம் பல்கலைக்கழகங்களிற் பயில்வோருட் பெரும்பாலார் மாணவியரே. பொறியியலிலோ அவர் சிறுபான்மையர். அதிலும் மலையகத் தமிழ்ப் பாடசாலைகள் பலவற்றில் உயர்தரக் கணிதப் பிரிவே இல்லை. அதனை நாடுவோர் நகருக்கு வருதல் வேண்டும். மகனைத் தொலைவில் விடத் துணியும் பெற்றோர் மகளை விடத் தயங்குவர். அத்தயக்கத்தின் பயனைப் பின்னர் நாம் ‘பெண்ணின் இயல்பு’ எனப் பெயரிட்டு வழங்குகின்றோம். அம்மகளின் தாயோ, கொழுந்தின் நிறையும் நாட்சம்பளமும் கடைக்கடனும் மனத்தாற் கணித்து, குறைந்த வரவிலே குடும்பத்தை நடத்துகின்றாள். அது சிக்கல் தீர்த்தல் அன்றேல் வேறு யாது? ஆயினும் மலையில் மேற்பார்வை செய்யுங் கங்காணியும் கணக்கப்பிள்ளையும் பெரும்பாலும் ஆடவரே.

அதியமானுக்காகத் தொண்டைமானிடந் தூது சென்ற ஒளவையாரை வகுப்பறையிற் புகழ்கின்றோம். போர் மூளும் வேளையிற் சொல்வன்மையால் ஆற்றுதற்குரிய அரும்பணி அது. அதனை ஒரு பெண்ணிடம் ஒப்படைக்க அம்மன்னன் அஞ்சினானல்லன். நாமோ, கரும்பலகையில் எழுதிய கடுங்கணக்கைத் தீர்க்க மாணவியை அழைக்கத் தயங்குகின்றோம்.

ஆசிரிய அன்பர்காள்! மாணவன் மிகுபுள்ளி பெற்றால் ‘மூளைசாலி’ என்றும், மாணவி பெற்றால் ‘விடாது படித்தவள்’ என்றும் கூறும் வழக்கத்தை விடுவோமாக. கடினமான வினாவை இருபாலார்க்கும் ஒப்பக் கொடுத்து, விடை வருங்காறும் இருபாலார்க்கும் ஒப்பப் பொறுத்திருப்போமாக. உயர்தரக் கணிதப் பிரிவு மலையகப் பாடசாலைகளில் ஏற்பட வேண்டுமென உரியோரிடம் வற்புறுத்துவோமாக. அதன் பின்னரும் வேறுபாடு எஞ்சுமாயின், அப்பொழுது இயற்கையைப் பற்றிப் பேசலாம்.