சில்லறை போகுது, டைமண்ட் வருது!



செல்போன் கேம் என்றதும் கண் கெடும், படிப்பு கெடும், தூக்கம் கெடும் என்று எழுதப் போகிறேன்னு நினைக்காதீங்க. அதெல்லாம் பிரேயரில் கேட்டுக் கேட்டு நமக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. நான் எழுத வந்தது சில்லறையைப் பற்றி.

டீச்சர்களுக்கு இது எப்படி நடக்கிறது என்று தெரியாமல் இருக்கலாம். அதனால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். டைமண்ட் என்றால் நிஜ வைரம் இல்லை. கேமுக்குள்ளே துப்பாக்கிக்குக் கலர், ஆளுக்கு டிரஸ், டான்ஸ் எல்லாம் வாங்குவதற்கு அதுதான் காசு. நம்ம பசங்க ஒரு ரூபாய், ரெண்டு ரூபாய், அஞ்சு ரூபாய் காயினாகச் சேர்த்து ஜியாமெட்ரி பாக்ஸில் போட்டுக்கொண்டு ரீசார்ஜ் கடைக்குப் போவார்கள். கடைக்காரர் எண்ணிப் பார்ப்பார். பையன் சொல்லுற ஐடி நம்பரைத் தன் போனில் போட்டு, தன் கணக்கிலிருந்து ஜீபேயில் பணம் கட்டுவார். ரெண்டே நிமிஷம். "ஏறிடுச்சு, போடா" என்பார். மேலே ரெண்டு ரூபாயோ அஞ்சு ரூபாயோ அவருக்கு.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கு. பையன் கேமில் அப்பா பேங்க் பணத்தைக் காலி செய்துவிட்டான் என்று பேப்பரில் அடிக்கடி வரும். அந்த வீட்டிலாவது போனுக்கு மெசேஜ் வந்து, எவ்வளவு போச்சு என்று தெரிந்தது. சில்லறையில் போனால் யாருக்கும் மெசேஜ் வராது. அம்மாவுக்குத் தெரியாது, அப்பாவுக்குத் தெரியாது. டப்பாவில் காயின் கொஞ்சம் குறைஞ்ச மாதிரி இருக்கும், அவ்வளவுதான்.

கடைக்காரர் பாடு லாபம். நாம 18 ரூபாய்க்குச் சாமான் வாங்கி 20 ரூபாய் கொடுத்தால் "சில்லறை இல்ல பாப்பா" என்று ரெண்டு மிட்டாயைக் கையில் வைக்கிறார்களே, அவர்களுக்குச் சில்லறை தானாக நடந்து வருகிறது! பத்து ரூபாய் காயின் செல்லாது என்று சொல்லுகிற ஆட்களை இன்னும் பார்க்கிறோம். 14 வகை டிசைனும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018-லேயே சொல்லிவிட்டது, அப்பவும் வாங்க மாட்டாங்க. ஆனால் டைமண்ட் ஏத்தணும் என்று நீட்டினால் எந்த டிசைனும் செல்லும்.

சரி, அந்தச் சில்லறை யாருடையது? இதைத்தான் நான் முக்கியமாகக் கேட்க நினைக்கிறேன்.

நம்ம ஊரில் முக்கால்வாசி வீட்டில் வழக்கம் ஒன்றுதான். பொம்பளப் புள்ளையைக் கடைக்கு அனுப்பினால் மீதியை எண்ணிக் கொண்டுவந்து அம்மா கையில் வைக்கணும். ஒரு ரூபாய் குறைந்தால் "எங்கடி வச்ச?" என்று கேள்வி வரும். பையனை அனுப்பினால் "மீதிய வச்சுக்கடா". அவன் கடைக்குப் போனதே பெரிய விஷயமாம்! அதே காயின், அதே கடை. ஒருத்தருக்கு அது கணக்கு, இன்னொருத்தருக்கு அது சும்மா கிடைச்சது. சும்மா கிடைச்சதைச் சும்மாதானே போடுவாங்க? டைமண்டாகப் போவது பெரும்பாலும் இந்தக் காசுதான்.

அப்பத்தாவின் சுருக்குப் பையும் இருக்கு. கண் சரியாகத் தெரியாதவர்கள் காயினைத் தடவிப் பார்த்துத்தான் ஒன்றா, ரெண்டா என்று சொல்லுவாங்க. வெற்றிலை, பாக்கு, எப்பவாவது ஒரு டீ, இதுக்கு யாரிடமும் கை நீட்டாமல் இருக்கத்தான் அந்தப் பை. அதிலிருந்து நாலு காயின் எடுத்தால் அப்பத்தாவுக்குத் தெரியாது என்று நினைக்கிறோம். தெரியும். பேரன் எடுத்தான் என்று வெளியே சொல்லாமல் இருக்காங்க. மகளிர் குழுவுக்குக் கட்டுவதற்காக அம்மா டப்பாவில் சேர்க்கிறதும் காயின்தான்.

நம்ம கிளாஸ் பசங்களிடம் இதைச் சொன்னேன். உடனே, "நீங்க மட்டும் வளையல், பொட்டு வாங்கலையா? அது மட்டும் சோறா?" என்று கேட்டாங்க. நியாயமான கேள்விதான். லீவில் தேங்காய் உரித்தோ, தண்ணி கேன் தூக்கியோ சம்பாதிச்ச காசு என்றால் அதில் நான் அதிகம் பேச முடியாது. அது அவனவன் உழைப்பு. ஆனால் வளையல் எனக்குப் பத்தலை என்றால் தங்கச்சிக்குப் போடலாம். பிடிக்கலை என்றால் அன்றைக்கே கொண்டுபோய் வேற கலர் மாத்தலாம். டைமண்டைத் திருப்பிக் கொடுத்து அதே கடையில் ஒரு பேனா வாங்கிப் பாருங்களேன்! ஏத்தின காசு திரும்பக் கிடைக்காது என்று அந்த மாதிரி கேம்களின் விதியிலேயே எழுதியிருக்கும். நாமதான் படிக்காமல் ஓகே அமுக்குகிறோம்.

25 பைசாவை 2011 ஜூன் 30 முதல் அரசாங்கம் நிறுத்தியது. அதுக்கு முன்னால் பேங்கில் கொடுத்து மாத்திக்கொள்ள நாள் கொடுத்தாங்க. வெறும் கால் ரூபாய்க்கு! 2020 செப்டம்பரில் பப்ஜி மொபைல் தடை ஆனது. அக்டோபர் 30-இல் இந்தியாவில் அதை நிறுத்திட்டாங்க. அதுக்குள்ளே யூசி வாங்கி வைத்திருந்தவர்களுக்கு அது வெறும் நம்பராக நின்றது. 2021 ஜூலையில் வேற பெயரில் வந்தபோது பழைய கணக்கை மாத்திக்கொள்ள வழி விட்டாங்க, இல்லை என்று சொல்லலை. நடுவில் எட்டு மாசம் அந்தக் காசு யாருக்கும் காசாக இல்லையே. ஒரு ரூபாய் காயினுக்கு அந்த மாதிரி எட்டு மாசம் வந்தால் ஊரே ரோட்டுக்கு வந்திருக்கும்.

இது நம்ம ஊரில் மட்டும் என்று நினைக்காதீங்க. அமெரிக்காவில் சூப்பர் மார்க்கெட்டுகளில் காயின்ஸ்டார் என்று ஒரு மெஷின் இருக்கிறது. வீட்டுச் சில்லறையைக் கொண்டுபோய் அதில் கொட்டினால் எண்ணிக் கொடுக்கும். பணமாக வேணும் என்றால் ஒரு பங்கு பிடித்துக்கொள்ளும். ஏதாவது கம்பெனியின் கிஃப்ட் கார்டாக எடுத்தால் பிடிக்காது. ஏன் அந்தச் சலுகை? கார்டாக மாறிவிட்டால் அந்தக் கம்பெனியைத் தவிர வேற எங்கேயும் போக முடியாது. காயின் என்றால் எங்கே வேணும்னாலும் போகும்.

அடுத்தது அந்தக் கட்டு. டைமண்ட் கட்டுக்கட்டாகத்தான் வரும். 120 டைமண்டுக்கு ஒரு டிரஸ் இருக்கு, கட்டில் 100 தான் இருக்கு என்று வையுங்கள். ரெண்டு கட்டு வாங்கணும், 80 மிச்சம் நிற்கும். அந்த 80 கண்ணை உறுத்தும். அடுத்த வாரம் மறுபடி ஜியாமெட்ரி பாக்ஸ்! இதுக்கு மேல் சுத்துகிற சக்கரம் வேற. சுத்தினால் நல்லது வரும், வராமலும் போகும். பெட்டிக்கடையில் ஒரு ரூபாய்க்கு அட்டை கிழிச்சால்கூட ஒரு பலூனாவது வரும். தமிழ்நாட்டில் 2003-இல் லாட்டரியைத் தடை செய்தாங்க. 2025 ஆகஸ்டில் காசு வைத்து ஆடி காசு ஜெயிக்கிற ஆன்லைன் ஆட்டங்களுக்கு நாடாளுமன்றம் தடைச் சட்டம் கொண்டுவந்தது. டைமண்ட் கேம் அதில் மாட்டாது. ஏன் என்றால் இதில் காசு ஜெயிக்கவே முடியாது, போடத்தான் முடியும்!

அதனால் எனக்குத் தோன்றுவதைச் சொல்லுகிறேன். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் அம்மாமார்கள் நிறைய பேர் இருக்காங்க. யூனிஃபார்மில் வருகிற பிள்ளைகளிடம் கேமுக்காகச் சில்லறை வாங்கக் கூடாது என்று அவங்க கடைக்காரர்களிடம் போய்ப் பேசலாம். சண்டை போட வேண்டாம், அவரும் நம்ம ஊர்க்காரர்தான். வீட்டில் "மீதிய வச்சுக்கடா" நிற்கணும். தம்பியும் எண்ணிக் கொடுக்கட்டும். அப்படி வச்சுக்கலாம் என்றால் அக்காவும் வச்சுக்கட்டும்.

அம்மா படிக்கும்போது பள்ளிக்கூடத்திலேயே சஞ்சாயிகா என்று சேமிப்பு இருந்ததாம். அது இல்லாவிட்டாலும் போஸ்ட் ஆபீஸ் இருக்கு. பத்து வயது முடிந்திருந்தால் நம்ம பெயரிலேயே மாதம் 100 ரூபாய் ஆர்.டி. போடலாம். ஒரு நாளைக்கு மூணரை ரூபாய்கூட வராது. காயினாகக் கொண்டுபோனால் வாங்க மாட்டாங்களோ என்று பயப்பட வேண்டாம். ஒரு ரூபாயும் அதுக்கு மேற்பட்ட காயினும் ஆயிரம் ரூபாய் வரைக்கும் செல்லும் என்று 2011 நாணயச் சட்டத்தில் இருக்கிறது. நானும் இன்னும் மூணு பேரும் வருகிற சனிக்கிழமை விவரம் கேட்கப் போகிறோம். கூட வருகிறவர்கள் வரலாம், பசங்களும்தான்.

நான் எழுதினது தப்பு என்று சொல்லுகிறவர்களுக்காக இந்தத் தாளில் கீழே நாலு விரல் இடம் விட்டிருக்கேன். பென்சிலில் எழுதுங்க, பெயரையும் போடுங்க.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி