பேத்தியிடம் கற்பது இழிவா?



“பெண்ணுக்குப் படிப்பெதற்கு?” என்று கேட்ட பெரியவர்கள் பலர், இன்று கைப்பேசியில் பணம் அனுப்பப் பேத்தியைக் கூப்பிடுகிறார்கள். 2014-ல் வந்த ஜீவன் பிரமாண் முறையில், 2021 முதல் ஓய்வூதியக்காரர் தம் முகத்தைக் கைப்பேசியில் காட்டியே தாம் உயிரோடிருப்பதை மெய்ப்பிக்கலாம். அதற்கும் பேத்திதான் வரவேண்டியிருக்கிறது.

இதில் இழிவென்ன? அறிவுக்கு வயதேது, ஆண் பெண் ஏது? கேட்க வெட்கப்பட்டு அறியாமையிலேயே கிடப்பதுதான் இழிவாகும்.

நிற்க, இளைஞர்களுக்கும் ஒன்று சொல்லுவோம். “உங்களுக்குப் புரியாது, கொடுங்கள்” என்று பிடுங்கித் தாமே செய்து கொடுப்பது உதவியல்ல. அது புது மாதிரிப் புரோகிதமேயாகும். மந்திரத்தின் பொருள் தெரியாமல் தட்சிணை கொடுத்தவர்தான், இன்று பொத்தானின் பொருள் தெரியாமல் ஏமாற்றுக்காரனிடம் பணத்தைக் கொடுக்கிறார். நமக்கு வரும் பணத்தைப் பெற ரகசிய எண்ணே தேவையில்லை என்பதையும், மோசம் போனால் உடனே 1930-க்குப் பேச வேண்டும் என்பதையும் சொல்லிக்கொடுக்க எவ்வளவு நேரமாகும்?

கேரளத்தில் தொண்டர்கள் வீடு தேடிச் சென்று முதியவர்களுக்கும் கற்பித்தார்கள். 2025 ஆகஸ்டில் அது முழு டிஜிட்டல் எழுத்தறிவு பெற்ற மாநிலமாக அறிவிக்கப்பட்டது. அங்கே நடந்தது இங்கே ஏன் நடவாது?

ஆகவே, பெரியவர்களே! விரலை நீங்களே வையுங்கள். இளைஞர்களே! கையைக் கட்டிக்கொண்டு வாயால் சொல்லுங்கள். அதுவே சுயமரியாதை.