பேர் வடகரைக்கு, பீப்பாய் தென்கரைக்கு



இந்த இதழில் போர்ச்சுகலின் போர்ட்டோ நகரம் பற்றிய பயணக் கட்டுரை வருகிறது. அச்சுக்குப் போகுமுன் படித்த எங்கள் மெய்ப்புத் திருத்துநர், "ஒயின் ருசி பார்த்த கதையெல்லாம் நம்ம பத்திரிகைக்கு எதுக்கு சார்?" என்றார். வேண்டும் என்றே நினைக்கிறேன். அந்த ஊரின் வரலாற்றை ஒயினை விட்டுவிட்டுச் சொல்ல வழியில்லை.

டோரோ ஆறு அட்லாண்டிக்கில் கலக்கும் இடத்தில், வடகரையில் இருக்கிறது போர்ட்டோ. அதன் பெயரைத் தாங்கிய போர்ட் ஒயின் முதிர்வதோ எதிரே தென்கரையில், காயா என்கிற இன்னோர் ஊரின் கிடங்குகளில். திராட்சை விளைவது இரண்டு ஊரிலும் இல்லை. ஆற்றோடு வெகுதூரம் கிழக்கே போனால் வரும் கற்பலகைப் பாறை மலைகளில். அங்கே கோடை வெயில் பொசுக்கிவிடும். ஒயின் நிதானமாக முதிரக் கடலோரக் குளிர்ச்சி வேண்டுமே. அதனால் 'ரபேலோ' எனும் தட்டையடிப் படகுகளில் பீப்பாய்களை ஏற்றி ஆற்றோடு இறக்கினார்கள். பாறையும் சுழலுமான ஆறு அது. டோரோவுக்கு நுணுக்கமாக வரைபடம் வரைந்த ஃபாரெஸ்டர் என்ற ஆங்கிலேய வணிகரே 1861-ல் வலெய்ரா என்ற இடத்தில் படகு கவிழ்ந்து இறந்தார். இடுப்பில் கட்டியிருந்த பொற்காசுகள் அவரை இழுத்துக்கொண்டு போனதாகவும், அதே படகில் வந்த தோனா அந்தோனியா என்ற திராட்சைத் தோட்டச் சீமாட்டியை அவருடைய குடைப்பாவாடை மிதக்கவைத்துக் காப்பாற்றியதாகவும் சொல்வார்கள். பின்னாளில் ஆற்றில் அணைகள் எழுந்தன. சரக்கு லாரிக்கு மாறியது. காயா கரையில் இன்று கட்டிக் கிடக்கும் ரபேலோக்கள் பெரும்பாலும் விளம்பரத்துக்குத்தான்.

இந்த ஒயினின் இனிப்புக்குக் காரணம் எளிது. சாறு நொதித்துக்கொண்டிருக்கும்போதே திராட்சைச் சாராயத்தை ஊற்றிவிடுகிறார்கள். ஈஸ்ட் செத்துப்போகிறது, மிச்சச் சர்க்கரை அப்படியே தங்கிவிடுகிறது. ஆல்கஹால் சுமார் 20 சதவீதம். சாதாரண ஒயினைவிட நிறையவே அதிகம். ருசி பார்க்கக் கொடுக்கும் கோப்பை சின்னதாக இருப்பதில் நியாயம் இருக்கிறது. பெரிய தொட்டியில் காற்றுப் படாமல் வைத்தது ரூபி; சிவப்பு மாறாது. சிறிய மரப் பீப்பாயில் ஆண்டுக்கணக்கில் கிடந்தது டானி. பழுப்பேறி, உலர்பழமும் கொட்டைப் பருப்பும் கலந்த வாசம் வரும். என் ஓட்டு டானிக்கே.

கலப்படமும் இந்தக் கதையில் உண்டு. 1703-ல் இங்கிலாந்துடன் ஓர் ஒப்பந்தமாகி, போர்ச்சுகல் ஒயினுக்கு அங்கே பிரெஞ்சு ஒயினைவிட வரி குறைந்தது. கிராக்கி ஏறியதும், நிறம் கூட்ட எல்டர்பெர்ரிச் சாற்றைக் கலக்கத் தொடங்கிவிட்டார்கள். போர்ச்சுகல் அமைச்சர் பொம்பால் 1756-ல் வணிகத்தை முறைப்படுத்த ஒரு கம்பெனி அமைத்தார்; திராட்சை விளையும் பகுதிக்கு எல்லை வகுத்துக் கருங்கல் நட்டார்; எல்டர்பெர்ரிச் செடிகளைப் பிடுங்கி எறியவும் உத்தரவிட்டார். ஆள் கடுமையானவர். ஆனால் இன்று உலகமெங்கும் பேசப்படும் புவிசார் குறியீட்டுக்கு அவர் வகுத்த எல்லை ஒரு முன்னோடி.

இன்று போர்ட்டோவுக்குப் போய், கிடங்கில் மூன்று கோப்பை, இரு கரையையும் இணைக்கும் பாலத்தில் ஒரு செல்ஃபி என்று திரும்பிவிடுகிறவர்கள்தான் அதிகம். 1886-ல் திறந்த அந்த இரண்டடுக்கு இரும்புப் பாலத்தின் அருகே, வடகரையில் ஒரு வெண்கலச் சிற்பம் இருக்கிறது. 1809 மார்ச் 29 அன்று நெப்போலியனின் படைக்குப் பயந்து ஓடிய மக்கள், அப்போதிருந்த படகுப் பாலம் உடைந்து ஆற்றில் மூழ்கினார்கள். அவர்களுக்காக இன்றும் அங்கே மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள். கூட்டம் அதைக் கவனிக்காமல் கடந்து போகிறது.

குடிக்காதவர்களும் தாராளமாகப் போகலாம். சாவ் பென்ட்டோ ரயில் நிலையத்தின் நீல ஓடு ஓவியங்களைப் பார்த்துவிட்டு, பின்யாவ் ஊருக்கு ரயில் ஏறுங்கள். பாதிப் பயணம் ஆற்றை ஒட்டியே. போகும்போது வலப்பக்க ஜன்னலோரம் இடம் பிடியுங்கள். ஆறு அந்தப் பக்கம்தான்.

அன்புடன்,
ஆசிரியர்