பசிக்கு ஒரு கணிதம்

பசித்தவனுக்குச் சோறிட இரக்கம் ஒன்றே போதும் என்று எண்ணுவோர், யுத்தத்தாலும் வறட்சியாலும் லட்சக்கணக்கான மக்கள் ஒரே சமயத்தில் உணவின்றித் தவிக்கும் தேசங்களில், எந்தத் தானியத்தை எங்கே வாங்கி, எந்தத் துறைமுகத்தில் இறக்கி, எந்தச் சாலை வழியே கொண்டுசேர்ப்பது என்ற நிர்ணயத்தில் நேரும் சிறு பிழைகூடப் பல குடும்பங்களின் ஒரு மாத உணவை விழுங்கிவிடும் என்பதைச் சிந்திப்பதில்லை. ரோம் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட உலக உணவுத் திட்டம், நெதர்லாந்தின் டில்பர்க் சர்வகலாசாலை நிபுணர்களோடு சேர்ந்து உருவாக்கிய 'ஆப்டிமஸ்' என்னும் கணினிக் கருவி, விலை, போக்குவரத்து, ஊட்டச்சத்து ஆகியவை பற்றிய தரவுகளை ஒரே கணக்கில் பிணைத்து இந்த நிர்ணயத்துக்கு உதவுகிறது. இத்தகைய பணிக்காக அந்த ஸ்தாபனத்துக்கு 2021-இல் செயலாய்வுத் துறையின் ஃபிரான்ஸ் எடல்மன் பரிசும் கிடைத்தது.

இக்கணக்கின் பூர்விகம் அறியத்தக்கது. 1945-இல் ஜார்ஜ் ஸ்டிக்லர் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர், 77 உணவுப் பண்டங்களை எடுத்துக்கொண்டு, ஒரு மனிதனுக்கு வேண்டிய சத்துகளெல்லாம் மிகக் குறைந்த செலவில் கிடைப்பதற்கு எவற்றை எவ்வளவு வாங்க வேண்டுமென்று ஆராய்ந்து, 1939-ஆம் ஆண்டு விலைப்படி வருஷத்துக்கு 39.93 டாலர் போதுமென்று மதிப்பிட்டார். பின்னர் ஜார்ஜ் டான்ட்சிக் என்ற கணித அறிஞர் 1947-இல் கண்ட முறையைப் பிரயோகித்து, ஒன்பது குமாஸ்தாக்கள் கையால் இயக்கும் கணக்கு யந்திரங்களோடு பாடுபட்டுப் பார்த்தபோது, அதில் 24 சென்ட் மட்டுமே குறைந்தது. ஒருவனது உணவுக்கு அத்தனை உழைப்பைக் கேட்ட கணக்கு, இன்று ஒரு தேசத்துக்கே போடப்படுகிறது.

ஸ்டிக்லரின் கணக்கில் சத்து நிபந்தனை. குறைக்கப்பட வேண்டியது செலவு. இவை இடம் மாறலாகாது என்பதே என் திடமான அபிப்பிராயம். ஒருவருக்கு நாளொன்றுக்கு 2,100 கலோரி என்ற பொது அளவை அசையாத எல்லையாக வைத்துக்கொண்டு சிக்கனத்தைத் தேடுவது தர்மம். நன்கொடை தரும் அரசாங்கங்கள் தொகையை முதலில் சுருக்கிவிட்டு, அதற்குள் பசியை எப்படிப் பங்கிடலாம் என்று அதே கருவியிடம் கேட்க வைப்பது, கணிதம் எவ்வளவு நுட்பமாயிருந்தாலும், அநீதி.

கணக்கால் தீராததற்கும் இந்த அநீதிக்கும் யேமனே உதாரணம். அந்நாட்டில் 2018 செப்டம்பர் முதல் பல மாதங்கள், 37 லட்சம் பேரின் ஒரு மாத உணவுக்குப் போதுமான 51,000 டன் கோதுமை, ஹொடைடா துறைமுக நகர் அருகே செங்கடல் மாவு ஆலையில் உதவி ஊழியர்கள் நெருங்க முடியாமல் கிடந்தது. அங்கே போர்முனை குறுக்கே நின்றது. எந்தக் கணக்காலும் அதை அகற்றியிருக்க முடியாது. ஆனால் அதே நாட்டில் 2022 ஜனவரி முதல் 80 லட்சம் பேருக்கு உணவுப் பங்கு குறைக்கப்பட்டு, பஞ்சத்தின் விளிம்பில் இருந்த 50 லட்சம் பேருக்கு மட்டும் முழுப் பங்கு என்றானதற்குக் காரணம் நிதிப் பற்றாக்குறை. அவ்வாறு பிரிக்கும் நிர்ப்பந்தத்துக்கு உள்ளான ஊழியர்களை நான் குறை கூறமாட்டேன். அந்த நிலைக்கு அவர்களைத் தள்ளிய கஜானாக்களே பொறுப்பு.

ஆகையால் நன்கொடை நாடுகள் கூடும்போது, எத்தனை பேருக்கு எவ்வளவு உணவு என்பதை நிச்சயித்த பிறகே தொகையைப் பற்றிப் பேச வேண்டும். கருவி மிச்சப்படுத்தும் ஒவ்வொரு டாலரையும், அடுத்த வருஷ நன்கொடையில் கழித்துக்கொள்ளாமல், குறைக்கப்பட்ட பங்குகளை நிரப்புவதற்கே செலவிட வேண்டும்.