கடைசி சென்ட்டும் நம் ஐம்பது பைசாவும்

கடந்த 2025 நவம்பர் 12 அன்று ஃபிலடெல்ஃபியா அக்கசாலை, புழக்கத்துக்கான கடைசி ஒரு சென்ட்டை அடித்து நிறுத்திவிட்டது. கோதுமைக்கதிர் சென்ட்டுகளை இப்போதே வாங்கிப் போடலாமா என்று வாசகர்கள் கேட்கிறார்கள். வேண்டாம் என்பதே நம் நிலை. அவற்றில் 1943-ன் எஃகு சென்ட் மட்டுமே நூறு கோடிக்கு மேல் அடிக்கப்பட்டது. சென்ட் அடிப்பது நின்றதால் அது அரிதாகிவிடாது. வாங்கத்தான் வேண்டுமென்றால், கண்ணாடிபோல் மின்னும் எஃகு சென்ட்டை மறுமுலாம் என்றே முதலில் சந்தேகியுங்கள். 1944-க்குப் பிந்தைய செம்புக் காசுக்கு, அசல் நிறம் மங்காத ‘ரெட்’ என்று கூடுதல் விலை கொடுக்குமுன், உங்கள் அலமாரி எங்கே இருக்கிறது என்று யோசியுங்கள். மும்பைக்கு அருகே நம் ஐரோலியில் கழிமுகக் காற்றும் நான்கு மாத மழையும் சேர்ந்தால், பி.வி.சி. உறையில் கிடக்கும் ‘ரெட்’ இரண்டே பருவத்தில் ‘பிரவுன்’ ஆகும். பச்சைக் களிம்பும் பிடிக்கும். புளி போட்டுத் தேய்த்தால் கதை முடிந்தது.

சென்ட் பற்றி இவ்வளவு போதும். என்னை உறுத்துவது வேறு.

அமெரிக்கர்கள் தங்கள் சென்ட்டை முறையாக வழியனுப்பினார்கள். 232 ஆண்டு வரிசைக்கு 232 தொகுப்புகள், ஒவ்வொன்றிலும் ஒமேகா குறியிட்ட காசுகள், டிசம்பரில் ஏலம். பழைய சென்ட்டுகள் இன்றும் செல்லும்.

இங்கே நடந்தது என்ன? அதே 1943-ல் போருக்காகச் செம்பை மிச்சம் பிடிக்க நடுவில் துளையிட்ட ஓட்டைக் காலணா, 1957 ஏப்ரல் 1-ல் வந்த வெண்கல நயா பைசா, 1965 முதல் சதுர அலுமினியம் என்று வந்த வரிசை இது. ஒரு பைசா அடிப்பது எண்பதுகளின் தொடக்கத்தோடு சத்தமில்லாமல் நின்றது. 2011 ஜூன் 30 முதல் இருபத்தைந்து பைசா வரை எல்லாம் செல்லாது என்று ஓர் அறிவிக்கை; முந்தைய நாளுக்குள் வங்கியில் கொடுத்து மாற்றிக்கொள்ளச் சொன்னார்கள். சேகரிப்பாளனுக்கு ஒரு விடைத் தொகுப்பு உண்டா? கடைசியாக அடித்த காசுக்கு ஒரு தனிக் குறி உண்டா? கோட்டைப் பகுதியில் ரிசர்வ் வங்கிக்கு எதிரிலேயே நிற்கிறது மும்பை அக்கசாலை. ஆண்டின் கீழ் வைரக்குறி பொறித்து பைசாவை அடித்த அந்த இடத்துக்கே அதன் முடிவு ஒரு செய்தியாகப் படவில்லை! நினைவு நாணயம் என்றால் மட்டும் வெல்வெட் பெட்டியும் பிரீமியம் விலையும் தயார். மக்கள் கையில் தேய்ந்த காசு அதிகாரிகளுக்குப் பழைய உலோகம்தான்.

இந்த அலட்சியத்தின் விலையைத் தரம் பார்க்கும்போது நாம் கொடுக்கிறோம். நயா பைசாவில் நடுச் சிங்கத்தின் மார்பு மயிர் மழுங்கியிருந்தால், அது தேய்மானமா, அச்சு பலவீனமா? அக்கசாலை மாதிரிக் காசைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தகராறே வராது. அந்த வசதி நமக்கு இல்லாததால், மும்பையில் அடித்த காசுக்கு அமெரிக்க நிறுவனம் பிளாஸ்டிக் பெட்டியில் போட்டுத் தரும் எண்ணை வேதவாக்காகக் கொள்கிறோம்.

ஐம்பது பைசா இன்னும் சட்டப்படி செல்லும். கடையில்தான் வாங்க மாட்டார்கள். அதன் முறை வருமுன் நிதி அமைச்சகத்துக்கு எழுதுங்கள்: நிறுத்தும் ஆண்டை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும், அக்கசாலைவாரியாக எண்ணிக்கை வெளியிட வேண்டும், கடைசியாக அடிக்கும் காசுகளைச் சேகரிப்பாளர்களுக்கு முகமதிப்பில் தர வேண்டும். கடித நகலை நமக்கும் அனுப்புங்கள். அடுத்த இதழில் வெளியிடுகிறோம்.