கூச்சலுக்கு உரியதல்ல அந்த வெற்றி

பாரிஸ் நகருக்கு மேற்கே, எலான்கூர் குன்று. உயரம் 231 மீட்டர்தான். 2024 ஜூலை 29 அன்று அங்கே நடந்த ஒலிம்பிக் மலை சைக்கிள் பந்தயத்தில், பிரிட்டனின் டாம் பிட்காக்கின் முன்சக்கரம் பாதி வழியில் பஞ்சரானது.

இந்தப் பந்தயத்தில் நினைத்த இடத்தில் சக்கரத்தை மாற்றித்தர ஆள் வரமாட்டார்கள். பாதையில் குறித்த இடங்களில் மட்டுமே மெக்கானிக் நிற்பார். அதுவரை காற்றில்லாத சக்கரத்தோடு உருட்டிக்கொண்டு போக வேண்டும். அங்கே சக்கரம் மாற்றிக் கிளம்பியபோது பிட்காக் சுமார் 40 விநாடி பின்தங்கியிருந்தார். ஏற்றத்தில் மூச்சு முட்ட மிதித்து, பாறைச் சரிவில் பிரேக்கைத் தொடாத துணிச்சலோடு இறங்கி, ஒவ்வொருவராகத் தாண்டினார்.

கடைசிச் சுற்றில் ஒரு மரத்தின் இருபுறமும் பாதை பிரிகிறது. பிரான்சின் விக்டர் கொரெட்ஸ்கி ஒரு பக்கம் போக, பிட்காக் மறுபக்கம் பாய்ந்தார். பாதை சேருமிடத்தில் இருவரும் உரசிக்கொண்டார்கள். பிட்காக் முந்தினார், தங்கமும் வென்றார்.

உள்ளூர் ரசிகர்கள் கூச்சலிட்டு அவரை எதிர்த்தார்கள். சொந்த நாட்டு வீரர் தோற்ற வலி புரிகிறது. முந்தைய நாள்தான் மகளிர் பந்தயத்தில் பாலின் ஃபெரான் பிரேவோ அதே குன்றில் பிரான்சுக்குத் தங்கம் வாங்கித் தந்திருந்தார். ஆனாலும் அந்தக் கூச்சல் தவறு. திறந்திருந்த பாதையில் துணிந்து நுழைவது இந்த விளையாட்டின் உயிர்நாடி. நடுவர்கள் முடிவை மாற்றவில்லை. டோக்கியோவுக்குப் பின் பிட்காக்குக்கு அது இரண்டாவது ஒலிம்பிக் தங்கம்.