அப்பாரு துப்பாக்கிக்கு உப்புத்தாள் போடாதீங்க

  கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

இந்த வருஷம் மட்டும் மூன்று பேர் என்னிடம் ஒரே விஷயத்தைக் கேட்டுவிட்டார்கள். இரண்டு பேர் என்னிடம் படித்தவர்கள், ஒருவர் பங்காளி வகை. "சார், அட்டாலியில அப்பாரு காலத்து வேட்டைத் துப்பாக்கி ஒண்ணு துருப்பிடிச்சுக் கெடக்குது. யூடியூப்புல வெள்ளைக்காரன் வீட்டு ஷெட்டுலயே வெச்சுப் புதுசாக்கறான். நாமளும் பண்ணலாமுங்களா?" யார் யாரென்று சொல்ல மாட்டேன். பதிலை எல்லோருக்கும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்: வேண்டாம்.

ஆசை புரிகிறது. பழைய லாம்பி ஸ்கூட்டர், வால்வு ரேடியோ என்று பிரித்துச் சேர்த்தவர்களை இதே பக்கத்தில் நான் பாராட்டியிருக்கிறேன். நம்ம ஊரில் இந்த வேலை சுலபமும்கூட. ஒண்டிப்புதூரில் இருந்து பீளமேடு வரை எத்தனை லேத் பட்டறை! உடைந்த ஸ்பிரிங்கோ தேய்ந்த பின்னோ, மாதிரியைக் கொடுத்தால் சாயங்காலத்துக்குள் செய்து கையில் கொடுத்துவிடுவார்கள். எனக்குப் பயமே அந்தச் சுலபத்தைப் பார்த்துத்தான்.

1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவில், துப்பாக்கி செய்வது, விற்பது ஆகியவற்றோடு பழுது பார்ப்பதும் சேர்த்தே எழுதியிருக்கிறது. அதற்குத் தனி லைசென்ஸ் வேண்டும். துப்பாக்கி வைத்துக்கொள்ள வாங்கிய லைசென்ஸ் அதற்குப் போதாது. 45ஆம் பிரிவு இன்னும் சுவாரசியம். பழங்கால ஆயுதத்துக்கும், கெட்டுப்போன ஆயுதத்துக்கும் அதில் விலக்கு உண்டு. ஆனால் பழுது பார்த்தாலும் சரி, பார்க்காவிட்டாலும் சரி, அது சுடவே முடியாததாக இருக்க வேண்டும். "அது சுடாதுங்க சார், வெறும் இரும்பு" என்று சொல்லும் அதே ஆள், அடுத்த மூச்சில் "ஒரு பின் மட்டும் மாத்துனா போதுமுங்க" என்கிறார். அந்த இரண்டாவது மூச்சிலேயே விலக்கு போய்விட்டது சாமி!

உப்புத்தாள் விஷயம் இதைவிட மோசம். குழலிலும் அதன் அடிப்பகுதியிலும் நம்பரும் முத்திரைகளும் வெட்டியிருப்பார்கள். துருவோடு சேர்த்துத் தேய்த்தால் அவையும் போகும். நம்பரை அழிப்பது 8ஆம் பிரிவின்படி குற்றம். அழிந்த நம்பரோடு துப்பாக்கி யார் கையில் இருக்கிறதோ, அவர்தான் அழித்தார் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது அவர் பாடு. பளபளப்பு ஆசையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வாங்கிக்கொள்கிற வழக்கு இது.

சட்டத்தை விடுங்கள், என் பாடத்துக்கு வருகிறேன். கார் டயரில் சுமார் 30 பிஎஸ்ஐ காற்று. 12 போர் தோட்டா வெடிக்கும்போது குழலுக்குள் சுமார் 10,000 பிஎஸ்ஐ. ரைஃபிள் என்றால் அது 50,000ஐத் தொடும். சுடுகிறவன் கன்னம் அதற்குச் சில அங்குலத்தில் இருக்கிறது. எண்பது வருஷத்து இரும்பில் விரிசல் இருந்தால் கண்ணுக்குத் தெரியாது. பாலிஷ் போட்டால் இன்னும் தெரியாது.

உள்ளே என்ன ஆகியிருக்கும் என்பது வேதியியல் (கெமிஸ்ட்ரி மேடம் மன்னிக்கணும்). அந்தக் காலத்துத் தோட்டாக்களில் தீ மூட்டும் மருந்தில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. சுட்ட பிறகு அது பொட்டாசியம் குளோரைடாக, அதாவது ஒருவகை உப்பாக, குழலுக்குள் படியும். எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். வெந்நீர் ஊற்றிக் கழுவிக் காயவைத்து எண்ணெய் போட்டவர்கள் துப்பாக்கி பிழைத்தது. வெறும் எண்ணெய் போட்டவர்களுடையது உள்ளே அரித்துக் கிடக்கும். குழலின் வெளியே தெரிகிற கருநீலமும் பெயிண்ட் இல்லை. பழைய முறையில், இரும்பை வேண்டுமென்றே துருப்பிடிக்க வைத்து, கொதிநீரில் போட்டு, செந்துருவைக் கறுப்பு ஆக்சைடாக மாற்றி, தேய்த்து, மறுபடியும் மறுபடியும் செய்து ஏற்றிய நிறம் அது. யாரோ ஒரு தொழிலாளி பல நாள் உழைத்தது. உப்புத்தாளுக்கு அரை மணி நேரம்.

1907இல் சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைச் சுட்டதற்காக ஜிம் கார்பெட்டுக்குக் கொடுத்த ரிக்பி .275 ரைஃபிள் இன்னும் இருக்கிறது. 2015இல் அது செய்த கம்பெனியிடமே திரும்பிப் போனது, அடுத்த வருஷம் இந்தியாவுக்கும் கொண்டுவந்து காட்டினார்கள். கட்டையில் பதித்த சின்ன வெள்ளித் தகட்டில் பரிசு விவரம் இருக்கும். அந்தத் தகட்டையும் கீறல்களையும் தேய்த்து எடுத்துவிட்டால் அதைப் பார்க்க யார் வருவார்கள்?

பங்காளி ஒரு நியாயம் சொன்னார். "பன்னி வந்து சோளக்காட்டை உழுதுட்டுப் போவுதுங்க, துப்பாக்கி இருந்தா ஆவுமல்ல?" மலையடிவாரத்துத் தோட்டக்காரர் வேதனை உண்மை, அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் 2025 ஜனவரியில் அரசு அறிவித்த முறையிலும், காப்புக்காட்டில் இருந்து 3 கிலோமீட்டர் தாண்டி வரும் பன்றியைச் சுடுவது வனத்துறைதான். அப்பாரு துப்பாக்கிக்கு அங்கே வேலை இல்லை.

என் பெரியப்பாவிடம் இரட்டைக்குழல் 12 போர் இருந்தது. தேர்தல் வந்தால் அவர் அதை ஸ்டேஷனில் ஒப்படைக்கப் போவார், நான் பூத் டியூட்டிக்குப் போவேன். ஆயுத பூஜைக்குச் சந்தனப் பொட்டு வைப்பார், மறுநாளே துடைத்தும் விடுவார், ஈரம் ஆகாது என்று. அவர் காலமான பிறகு அண்ணன் அதை லைசென்ஸ் உள்ள டீலரிடம் கொடுத்துவிட்டார். வீட்டில் மிச்சம் தோல் உறையும் பழைய லைசென்ஸ் புத்தகமும். பிரிந்த உறைக்கு நானே தையல் போட்டு எண்ணெய் தடவி வைத்திருக்கிறேன். புத்தகத்தின் முத்திரைகளைப் பார்த்தால் அவர் எந்தெந்த வருஷம் புதுப்பித்தார் என்று தெரியும். பேரப்பிள்ளைகள் துப்பாக்கியைவிட அதைத்தான் அதிகம் கேட்கிறார்கள்.

வீட்டில் லைசென்ஸோடு வைத்திருக்கும் பெரியவர்கள் இருந்தால் ஒன்று கவனியுங்கள். அவருக்கு 70 வயது ஆகிவிட்டாலோ, துப்பாக்கி கையில் வந்து 25 வருஷம் ஆகிவிட்டாலோ, அவர் உயிரோடு இருக்கும்போதே வாரிசு பெயரில் லைசென்ஸ் கேட்கலாம் என்று 2016 விதிகளில் இருக்கிறது. வேலை செய்ய வேண்டியிருந்தால் லைசென்ஸ் உள்ள துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுங்கள். லைசென்ஸ்காரர் போய்ச் சேர்ந்து, யார் பெயரிலும் மாற்றாமல் அட்டாலியில் கிடக்கிறதா? ஸ்டேஷனிலோ டீலரிடமோ ஒப்படைக்க 21ஆம் பிரிவில் வழி இருக்கிறது. சாக்கில் சுற்றி பஸ்ஸில் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். தெரிந்த வக்கீலிடம் பேசி, ஸ்டேஷனுக்கு முன்கூட்டியே தகவல் சொல்லிவிட்டுப் போங்கள். அதே அட்டாலியில் பழைய தோட்டா டப்பா ஏதாவது இருந்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள். தோட்டாவுக்கும் லைசென்ஸ் கணக்கு உண்டு.